எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்



நான் மடத்துக்குளத்தில் மொத்த மளிகை வியாபாரம் செய்து வருபவன். பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவன். கம்ப்யூட்டர் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாரும் கேட்டால், அதனால் நஷ்டப்பட்டவன் என்ற ஒரு தகுதிதான் உண்டு. நான் பட்டதை நம் சங்கத்து அன்பர்கள் யாரும் படக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

2019ஆம் வருஷம் ஐப்பசி மாதம். தீபாவளி முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. தீபாவளிக்கு முன்பு கிராமத்துக் கடைகளுக்குக் கடனில் சரக்கு அனுப்பி, தீபாவளி கழிந்து வசூலுக்குப் போவது நம் பக்கத்து வழக்கம். சுமார் 130 கடைகளின் பாக்கி நின்றிருந்த நேரம் அது. அன்று இரவு கடையை அடைத்த பின்பு பெரிய மழை. பக்கத்தில் எங்கோ இடி விழுந்தது. காலையில் வந்து பார்த்தால் கம்ப்யூட்டர் ஓடவில்லை.

எனக்குப் பெரிய கவலை வரவில்லை. ஏனென்றால் என் மகன் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்கி வைத்து, தினமும் அதில் பேக்கப் எடுத்து வந்தான். உடுமலையிலிருந்து மெக்கானிக் வந்து பார்த்தார். கம்ப்யூட்டரில் மதர்போர்டும் உள்ளேயிருந்த டிஸ்க்கும் கருகிவிட்டன. எக்ஸ்டர்னல் டிஸ்க்கைக் கேட்டார். அது கம்ப்யூட்டரின் பின்பக்கம் செருகியபடியே இருந்தது. வாங்கிய நாள் முதல் அதைக் கழற்றியதே இல்லை. கம்ப்யூட்டருக்கு வந்த மின்சாரம் அந்த வயர் வழியாக அதற்குள்ளும் போய்விட்டது.

கோவையில் டேட்டா மீட்டுத் தரும் ஓர் இடத்துக்கு அனுப்பினோம். கேட்ட கூலி பத்து டிஸ்க் வாங்கும் விலை. ஒரு மாதம் காத்திருந்து வாங்கி வந்ததில், ஆவணி வரையிலான கணக்குதான் ஒழுங்காகத் திறந்தது. புரட்டாசியும் ஐப்பசியும் போனது போனதுதான்.

"ஜி.எஸ்.டி. இணையதளத்தில் எல்லாம் இருக்குமே" என்று சில நண்பர்கள் சொன்னார்கள். அப்படி நினைப்பவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். நாம் யாரிடம் வாங்கினோம் என்பது அங்கே இருக்கும். ஜி.எஸ்.டி. எண் உள்ள கடைக்கு விற்றதும் பில் வாரியாக இருக்கும். பதிவு இல்லாத சின்னக் கடைகளுக்கு விற்றதை நாம் மொத்தத் தொகையாகத்தான் காட்டுகிறோம். அதில் பெயர் இராது. எல்லாவற்றுக்கும் மேலாக, யார் எவ்வளவு கொடுத்தார்கள், எவ்வளவு பாக்கி என்பது அங்கே எங்கும் இல்லை. அரசாங்கத்துக்கு வேண்டியது விற்பனைக் கணக்கு. நமக்குச் சோறு போடுவது பாக்கிக் கணக்கு. அது நம்மிடம் மட்டும்தான் இருக்கிறது.

பில்லுக்கு இரண்டாவது நகல் எடுப்பதையும் காகிதச் செலவு என்று நிறுத்தியிருந்தோம். ஆகவே கடை கடையாகப் போய், "உங்கள் பாக்கி எவ்வளவு?" என்று நாமே கேட்கும் நிலைமை வந்தது. பெரும்பாலானவர்கள் நேர்மையாகச் சொன்னார்கள். சிலர் குறைத்துச் சொன்னார்கள். இரண்டு மூன்று பேர் பாக்கியே இல்லை என்றார்கள். கையில் ஆதாரம் இல்லாமல் அவர்களோடு எப்படி வாதாடுவது? எல்லாம் கூட்டிப் பார்த்ததில் அரை லாரி சர்க்கரை வாங்கும் பணம் குறைந்தது. பணத்தை விடப் பெரிய வருத்தம், குறைத்துச் சொன்னார்களோ என்ற சந்தேகத்தோடு பழைய வாடிக்கையாளர்களைப் பார்க்க நேர்ந்ததுதான்.

முன்னோர் வழக்கம்

என் தகப்பனார் இரவு கடை அடைக்கும்போது சிட்டையிலிருந்து பேரேட்டில் ஏற்றிவிட்டு, பேரேட்டை மஞ்சள் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போவார். சிட்டை கடையில் இருக்கும், பேரேடு வீட்டில் இருக்கும். "தினமும் இதைச் சுமக்க வேண்டுமா?" என்று நான் சிரித்திருக்கிறேன். பர்மாவிலும் மலாயாவிலும் கொண்டுவிற்ற நகரத்தார் வணிகர்களும், அங்கே இருந்த ஏஜெண்டுகள் மூலம் கடைக் கணக்கை அவ்வப்போது சொந்த ஊருக்கு வரவழைத்து வைத்திருந்தார்கள். கணக்கு இரண்டு இடத்தில் இருக்க வேண்டும் என்பது நமக்குப் புதிய பாடம் அல்ல. கம்ப்யூட்டர் வந்த பிறகு நாம் மறந்துவிட்ட பழைய பாடம்.

இந்தப் பாடத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் டிஸ்க் வாங்கப் போக வேண்டும். பெரிய டிஸ்க் ஒன்று வாங்குவதை விட, அளவான டிஸ்க் இரண்டு வாங்குவதே நமக்கு ஏற்றது. ஒன்று கடையில், ஒன்று வீட்டில்.

சட்டம் சொல்வது

2017ஆம் வருஷத்து மத்திய ஜி.எஸ்.டி. சட்டம் 36ஆம் பிரிவின்படி, ஒரு நிதியாண்டின் கணக்குகளை, அந்த ஆண்டுக்கான வருடாந்தர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும். உதாரணமாக 2023–24ஆம் ஆண்டுக்குக் கடைசித் தேதி 31.12.2024. எனவே அந்த ஆண்டுக் கணக்கு 31.12.2030 வரை நம்மிடம் இருக்க வேண்டும். வழக்கு, அப்பீல் ஏதும் நடந்துகொண்டிருந்தால் இன்னும் நீளும்.

அந்தச் சட்டத்தின் விதிகளில் 57ஆம் விதி, கம்ப்யூட்டரில் கணக்கு வைப்பவர்கள் முறையான பேக்கப் வைத்திருக்க வேண்டும் என்றும், விபத்தாலோ இயற்கைச் சேதத்தாலோ கணக்கு அழிந்தால் நியாயமான காலத்துக்குள் அதைத் திரும்ப எடுக்கும்படி இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. "இடி விழுந்து போய்விட்டது" என்று அதிகாரியிடம் சொல்லித் தப்ப முடியாது. இடி விழும் என்று எண்ணித்தான் விதியே எழுதியிருக்கிறார்கள்.

எந்த வகை வாங்குவது?

கடையில் இரண்டு வகை காட்டுவார்கள்.

முதல் வகை ஹார்டு டிஸ்க். இதற்குள் தட்டு சுழலும். தட்டின் மேல் ஒரு முள் மயிரிழை இடைவெளியில் ஓடிப் படிக்கும், எழுதும். விலை குறைவு. கொள்ளளவு அதிகம். ஓடும்போது மேஜையிலிருந்து விழுந்தால் முள் தட்டில் மோதிக் கெட்டுவிடும். உலகத்தில் இன்று இந்தச் சுழலும் டிஸ்க்கைத் தயாரிக்கும் கம்பெனிகள் மூன்றே மூன்றுதான்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. வேறு பெயர் போட்ட பெட்டியாக இருந்தாலும் உள்ளே இருப்பது இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டாம் வகை எஸ்.எஸ்.டி. இதில் சுழலும் பாகம் கிடையாது, எல்லாம் சிப். வேகம் அதிகம், சிறியது, கீழே விழுந்தாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதே கொள்ளளவுக்கு விலை கூடுதல். இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சிப்பில் உள்ள பதிவு மின்னூட்டமாக நிற்பது. செருகாமலே வருஷக்கணக்கில் பீரோவில் போட்டு வைத்தால், குறிப்பாக நம் ஊர் வெயிலில், அது மெல்ல மெல்லக் கசிந்து போகலாம். அதனால் பழைய ஆண்டுக் கணக்கைப் பூட்டி வைக்க இது ஏற்றதல்ல. தினமும் பையில் எடுத்துப் போக வர ஏற்றது.

பென் டிரைவில் பேக்கப் எடுப்பவர்கள் நம்மில் அதிகம். அவசரத்துக்கு அது சரி. அதை ஒன்றை மட்டும் நம்புவது சரியல்ல. சிறியது, தொலைந்துவிடும், அதில் போடும் சிப்பும் பெரும்பாலும் மலிவான ரகம்.

என் யோசனை: சாதாரண ஹார்டு டிஸ்க் இரண்டு போதும். கீழே போடும் பழக்கம் உள்ளவர்கள் ஒன்று ஹார்டு டிஸ்க், ஒன்று எஸ்.எஸ்.டி. என்று வாங்கலாம். சுழலும் டிஸ்க்கிலேயே இரண்டு அளவு உண்டு. உள்ளங்கை அளவுள்ளது கம்ப்யூட்டரிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். பெரிய அளவுள்ளதற்குத் தனி அடாப்டர் வேண்டும். வீட்டுக்கும் கடைக்கும் எடுத்துப் போகச் சிறியதே வசதி.

எவ்வளவு கொள்ளளவு?

இங்கே நாம் அதிகம் ஏமாறுகிறோம். "4 டி.பி. வாங்குங்கள், 5 டி.பி. வாங்குங்கள்" என்பார்கள். நம் தேவையை நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மளிகைக் கடையின் ஓராண்டு டேலி கணக்கு 500 எம்.பி. என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். தினம் ஒரு முழு நகல், வருஷத்துக்கு 300 நாள் என்றால் 150 ஜி.பி. ஆகிறது. ஸ்கேன் செய்த பில்கள், செக் போட்டோக்கள், வீட்டுக் கல்யாணப் படங்கள் எல்லாம் சேர்த்தாலும் 1 டி.பி. தாராளம். படமும் வீடியோவும் நிறைய உள்ளவர்கள் 2 டி.பி. வாங்கலாம்.

1 டி.பி. டிஸ்க்கைச் செருகினால் கம்ப்யூட்டர் 931 ஜி.பி. என்றுதான் காட்டும். எடை குறைவு என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், கம்ப்யூட்டர் 1,024, 1,024 ஆக எண்ணுகிறது. படிக் கணக்குக்கும் கிலோக் கணக்குக்கும் உள்ள வித்தியாசம் போன்றது. சரக்கு ஒன்றுதான்.

போலிச் சரக்கு

கலப்பட மிளகு போலக் கலப்பட டிஸ்க்கும் சந்தையில் உண்டு. 16 டி.பி., 30 டி.பி. எஸ்.எஸ்.டி. என்று நம்ப முடியாத மலிவு விலையில் விளம்பரம் வரும். உள்ளே சாதாரண மெமரி கார்டு ஒன்று இருக்கும். கம்ப்யூட்டருக்குப் பெரிய எண்ணைக் காட்டும்படி அதை மாற்றி வைத்திருப்பார்கள். உண்மையான அளவு நிரம்பிய பிறகு, புதிதாக எழுதுவது பழையதை அழித்துவிடும், அல்லது எழுதாமலே எழுதியதாகக் காட்டும். திறந்து பார்க்கும் அன்றுதான் தெரியும். சந்தேகம் இருந்தால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசப் புரோகிராமைப் போட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். டிஸ்க் முழுக்க எழுதி, திரும்பப் படித்து, உண்மைக் கொள்ளளவைச் சொல்லிவிடும். புது டிஸ்க்கில், எதையும் போடும் முன்பே இதைச் செய்ய வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. நம் ஜி.எஸ்.டி. எண் போட்ட பில் வாங்குங்கள். ஹார்டு டிஸ்க்குக்கு வரி 18 சதவீதம். கடைத் தேவைக்கு வாங்கியது என்றால் உள்ளீட்டு வரி எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அது கிடையாது.

2. டிஸ்க்கின் சீரியல் எண்ணும் பெட்டியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். கம்பெனி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் வாரண்டி எந்தத் தேதி வரை என்று காட்டும்.

3. வாரண்டி என்பது டிஸ்க்குக்கு மட்டும்தான். கெட்டுப் போனால் புது டிஸ்க் தருவார்கள். அதில் நம் கணக்கு இராது.

4. கம்ப்யூட்டரில் உள்ள யூ.எஸ்.பி. வாய் எந்த மாதிரி என்று பார்த்து, அதற்குப் பொருந்தும் வயர் உள்ளதை வாங்குங்கள். போட்டோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டினால் கடைக்காரரே சொல்லிவிடுவார்.

5. பழைய டிஸ்க்கைத் திறந்து புதுப் பெட்டியில் போட்டு விற்பதும் உண்டு. கணக்கு வைக்க அதை வாங்காதீர்கள்.

விலை இறங்கட்டும் என்று காத்திருப்பதும் பயன் தராது. 2011இல் தாய்லாந்தில் வெள்ளம் வந்து டிஸ்க் ஃபாக்டரிகள் மூழ்கியபோது உலகம் முழுவதும் விலை ஏறிவிட்டது. நம் பருப்பு, எண்ணெய் போலத்தான் அதுவும்.

எந்தக் கம்பெனி கெடாது?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. கெடாத டிஸ்க்கை எந்தக் கம்பெனியும் செய்யவில்லை. பேக்பிளேஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி லட்சக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டி, எத்தனை கெட்டன என்று வருஷா வருஷம் வெளியிடுகிறது. 2024ஆம் வருஷத்துக்கு அவர்கள் கொடுத்த கணக்கு 1.57 சதவீதம். குளிர்ந்த அறையில், சீரான மின்சாரத்தில், ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளும் டிஸ்க்குகளின் நிலைமை இது. மிளகாய்த் தூசியும் மின்வெட்டும் உள்ள நம் கடையில் எப்படி என்று நாமே யோசிக்கலாம். ஆனால் ஒரு டிஸ்க் கெடும் அதே நாளில், வேறிடத்தில் இருக்கும் இன்னொன்றும் கெடுவது மிக அபூர்வம். இரண்டு வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.

வாங்கிய பின் செய்ய வேண்டியது

இரண்டு டிஸ்க்கிலும் 1, 2 என்று எண் ஒட்டுங்கள். இந்த வாரம் 1ஆம் டிஸ்க் கடையில், 2ஆம் டிஸ்க் வீட்டில். இரவு கணக்கு முடிந்ததும் செருகி, பேக்கப் எடுத்து, கம்ப்யூட்டரில் முறைப்படி வெளியேற்றி, வயரைக் கழற்றி மேஜை அறையில் வையுங்கள். வார விடுமுறைக்கு முந்தின நாள் அதை வீட்டுக்கு எடுத்துப் போய், வீட்டில் இருப்பதைக் கடைக்குக் கொண்டு வாருங்கள். கடையே போனாலும் ஒரு வாரக் கணக்குதான் போகும். அதை நினைவிலிருந்தும் ஆட்களைக் கேட்டும் எழுதிவிடலாம். இரண்டு மாதத்தை எழுத முடியாது என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

வீடும் கடையும் ஒரே கட்டிடத்தில் இருப்பவர்கள், இரண்டாவது டிஸ்க்கை மகள் வீட்டிலோ சகோதரர் வீட்டிலோ வைக்க வேண்டும். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்தபோது, கீழ்த்தளத்தில் இருந்த கம்ப்யூட்டரோடு அதே மேஜையில் இருந்த பேக்கப்பும் நனைவதை யார் தடுக்க முடியும்?

டிஸ்க்கைக் கழற்றி வைக்க இன்னொரு காரணமும் உண்டு. கம்ப்யூட்டருக்குள் புகுந்து எல்லாக் கோப்புகளையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ் வருகிறது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற இந்த வகை வைரஸ் 150 நாடுகளுக்கு மேல் பரவியது. திருமலை திருப்பதி தேவஸ்தான அலுவலகக் கம்ப்யூட்டர்கள் சிலவும் அதில் மாட்டின. செருகியிருக்கும் டிஸ்க்கையும் இந்த வைரஸ் சேர்த்தே பூட்டிவிடும். 2022 நவம்பரில் டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் ஐந்து சர்வர்கள் இப்படிப் பூட்டப்பட்டு, சுமார் இரண்டு வாரம் கையால் எழுதியே வேலை பார்த்தார்கள். பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வர் இருந்ததால்தான் நோயாளிகளின் விவரங்களைத் திரும்ப எடுத்தார்கள். அவ்வளவு பெரிய ஸ்தாபனத்தையே காப்பாற்றியது தனியாக இருந்த நகல்தான்.

நேற்றைய நகலின் மேலேயே இன்றைய நகலை எழுதாதீர்கள். தேதி போட்டுத் தனித்தனி போல்டராக வையுங்கள். கணக்கில் ஒரு தவறு நேர்ந்து இரண்டு மாதம் கழித்துத் தெரிய வந்தால், பழைய நகல்தான் கைகொடுக்கும். ஆடிட் முடிந்ததும் மார்ச் 31 கணக்கைத் தனியாக ஒரு போல்டரில் போட்டு, மேலே சொன்ன காலம் வரை அழிக்காமல் வையுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை பேக்கப்பைத் திறந்து பாருங்கள். பலர் செய்யாதது இது. மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் சரக்கு வாங்குவோமா? மகன் லேப்டாப்பிலோ ஆடிட்டர் ஆபீசிலோ திருப்பி ஏற்றி, ரொக்க இருப்பு, சரக்கு இருப்பு, மொத்தப் பாக்கி இந்த மூன்று தொகையும் கடைக் கம்ப்யூட்டரோடு ஒத்து வருகிறதா பாருங்கள். கடைக் கம்ப்யூட்டரிலேயே சோதிப்பதானால் வேறு போல்டரில் ஏற்ற வேண்டும். இல்லையென்றால் பழைய கணக்கு புதுக் கணக்கின் மேல் ஏறிவிடும்.

டிஸ்க்குக்குப் பாஸ்வேர்டு பூட்டு போடுவது நல்லது. தொலைந்தால் நம் விலையும் வாடிக்கையாளர் பாக்கியும் அடுத்தவர் கையில் போய்விடும். ஆனால் பாஸ்வேர்டை மறந்தால் கம்பெனிக்காரராலும் திறக்க முடியாது. எழுதி, வீட்டில் நகை வைக்கும் இடத்தில் வையுங்கள். கடையில் வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

இணையம் நன்றாக உள்ளவர்கள் மூன்றாவது நகலை இணையச் சேமிப்பிலும் வைக்கலாம். அது கூடுதல் பாதுகாப்பு. கையில் உள்ள இரண்டுக்கும் அது மாற்று அல்ல.

கடைசியாக ஒன்று

நான் வசூலுக்குப் போவதற்கு முன்பே, கொமரலிங்கம் பக்கத்துக் கிராமத்தில் பெட்டிக்கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர் பஸ் ஏறி என் கடைக்கு வந்தார். "ஏனுங்க அண்ணா, உங்க கணக்குப் பொட்டி கருகிப்போச்சுன்னு சொன்னாங்க. என்ர நோட்டுல எழுதி வெச்சிருக்கறேனுங்க, பாருங்க" என்று ஒரு நாற்பது பக்க நோட்டை நீட்டினார். தேதி வாரியாக வாங்கியதும் கொடுத்ததும் பென்சிலில் எழுதியிருந்தது. பாக்கி 9,340 ரூபாய். பாதியை அன்றே கொடுத்து, மீதிக்குத் தவணை கேட்டுப் போனார்.

அவரைப் போல நோட்டு வைத்திருந்த கடைகளின் கணக்கு முழுதாகத் திரும்பி வந்தது. அந்த நோட்டுகள் என் கடைக்கு வெளியே, இடி விழாத இடத்தில் இருந்தன. ஆயிரக்கணக்கில் செலவு செய்து வாங்கிய என் டிஸ்க் செய்யாததை அந்தப் பென்சில் நோட்டு செய்தது. இன்று என் கடையில் இரண்டு டிஸ்க்குகள் மாறி மாறி வீட்டுக்குப் போய் வருகின்றன. என் தகப்பனார் வைத்திருந்தது போலவே ஒரு மஞ்சள் பையில்தான் எடுத்துப் போகிறேன்.

இந்த இதழைப் படித்து முடித்ததும் அன்பர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் கம்ப்யூட்டரின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். டிஸ்க் செருகியபடி இருந்தால், முதலில் அதைக் கழற்றி வையுங்கள். மற்றதை நாளைக்குச் செய்யலாம்.

— மொத்த மளிகை வியாபாரி ஒருவர், மடத்துக்குளம்